கமலாவின் பையில் கிடைத்த செலவுச் சீட்டு

1960களின் கடைசியில், பம்பாயில் மாட்டுங்கா வீட்டில், தம்பி மனைவி கமலாவின் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, அறை வாடகை, கோளாறானால் மறு ஆபரேஷன் என்று வரிசையாக எழுதியிருந்தாள். மொத்தம் அவளுடைய இரண்டு வருட டைப்பிஸ்ட் சம்பளம்.

“ஏண்டி, சினிமாவில சான்ஸ் கெடச்சிருக்கா?” என்றேன்.

“கேலிதான் உங்களுக்கு நன்னா வருமே அக்கா. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ என்ன சொன்னேள்?”

“என்ன சொன்னேன்?”

“‘பலகையாட்டம் இருக்காளே, பிள்ளைக்கு எப்படிப் பால் குடுப்பா’ன்னு. எங்கப்பா காதுலயும் விழுந்தது. ஆறு வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னா உங்க குரல்தான் கேக்கறது.”

நான் மறுத்தேன். தினமும் டைரி எழுதுகிறவள் என்பதால், அந்த நாளின் பக்கத்தை எடுத்து அவள் எதிரிலேயே படித்தேன். கேசரியில் நெய் குறைவு, தட்டில் பஜ்ஜி பன்னிரண்டு, பெண் பாடிய பாட்டு இரண்டு. என் பேச்சு மட்டும் அதில் இல்லை. ஆனால் படிக்கும்போதே, அன்று என் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது.

மன்னிப்புக் கேட்டேன். “சீட்டைக் குடுங்கோ,” என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷனை அவள் செய்துகொள்ளவில்லை. இன்றும் நான் கூடத்துக்குள் வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். விட்டுப்போன அந்த வாக்கியத்தை என் டைரியில் எழுதிச் சேர்த்துவிட்டேன். அவளிடமிருந்து அதை அழிக்க வழி தெரியவில்லை.