மணிப்பூத் தொட்டியின் சிவப்புக் கயிறு

பயப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. காஸ் வால்வை மூடிய பிறகும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். லோக்கல் ரயிலில் எவ்வளவு புழுங்கினாலும் வாசல் பக்கம் நிற்க மாட்டேன். இப்படிப்பட்டவள் மும்பையில் மணிப்பூச் செடி வளர்க்க ஆசைப்பட்டிருக்கவே கூடாது.

ஒரு ஜனவரி மாதம் செம்பூரில் ஒரு நர்சரியில் அதைப் பார்த்தேன். தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டு, குட்டிக் குட்டியாக ஊதா மணிகள். நர்சரிக்காரர் அதை கேம்பனுலா என்றார். "மேடம், இஸ்கோ தண்டா சாஹியே" என்று எச்சரிக்கவும் செய்தார். குளிர்ச்சிக்கு இந்த ஊரில் நான் எங்கே போவேன்? இருந்தாலும் வாங்கினேன். மாட்டுங்கா வரை டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பிடித்தது கவலை. மேலே தண்ணீர் ஊற்றினால் இலை அழுகும். ஊற்றாவிட்டால் அரை நாளில் துவண்டுவிடும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில், பக்கெட்டில் நாலு விரல் தண்ணீர் விட்டு, மண் தொட்டியை அதில் கால் மணி நேரம் உட்கார வைப்பேன். வேர் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். வாடிய பூக்களை அன்றன்றே நகத்தால் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால்தான் புது மொட்டு வரும். "குழந்தைக்குக் கூட நீ இவ்வளவு செய்யலை" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் வீட்டுக்குள் அது சோர்ந்துபோனது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. வடக்கு ஜன்னல் கிரில்லுக்கு வெளியே நீண்ட திட்டில் நேர் வெயில் படாது, காற்றும் வரும். வேறு இடமே இல்லை. ஆனால் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, கேட் ஓரம்தான் பூக்காரம்மா பலகை போட்டு உட்கார்வாள். தொட்டி தவறினால் அவள் தலையில்தான் விழும். அதனால் சிவப்பு நைலான் கயிறு வாங்கி, தொட்டியின் கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றி கிரில்லோடு கட்டினேன். கயிற்றின் நுனி வெளியே ஒரு முழம் தொங்கும். ஒவ்வொரு முறையும் அவிழ்த்து, ஊற வைத்து, வடிய விட்டு, மறுபடி கட்டுவேன்.

பூக்காரம்மா தாராவியிலிருந்து வருகிறவள். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கும். வாடிய மணிகள் சில நேரம் அவள் கூடையில் போய் விழும்.

"தலையில வைக்கவும் ஆவாது, சாமிக்குப் போடவும் ஆவாது. இதுக்குப் போய் ஏம்மா இந்தப் பாடு படுதிய?" என்று சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே மல்லிகை வாங்கிப் போவேன்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். தொட்டியை ஊற வைத்து எடுத்து கிரில்லில் வைத்தேன். கயிற்றைக் கையில் எடுத்தபோது அடுப்பில் பால் பொங்கியது. ஓடினேன். அடுப்பைத் துடைத்தேன், டிபன் கட்டினேன், புடவை மாற்றினேன். அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. கீழே ஒரு சத்தம். அதையடுத்து ஒரு பெண்ணின் அலறல்.

நான் ஜன்னலுக்குப் போகவில்லை. சமையல் மேடையில் சிவப்புக் கயிறு சுருண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளே, அவளாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அதோடு, யாரும் பார்த்திருக்கக் கூடாது என்றும் சேர்த்து வேண்டினேன். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நிமிஷம் கழித்து, ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இறங்கினேன். அவள் உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மல்லிகை முழுக்க செம்மண். அவள் டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"யே கிஸ்கா கம்லா ஹை?" என்று எங்கள் கட்டட சொசைட்டி செக்ரெட்டரி உடைந்த தொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, யார் வீட்டுத் தொட்டி என்று கத்திக்கொண்டிருந்தார். என்னையும் கேட்டார். "மாலூம் நஹி", தெரியாது என்றேன். பூக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், "காத்து அடிச்சிது சாப். எந்த வீடுன்னு யாரு கண்டா?" என்றாள்.

அன்று ஆபீஸில் ஒரு வரி ஒழுங்காக டைப் செய்யவில்லை. எந்த நிமிஷமும் போன் வரும், யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டப் பார்த்தேன்.

"எம்மா, இங்கன வாங்க."

வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். பூ என்று நினைத்துப் பிரித்தேன். என் செடி. வேரை ஈரத்துணியில் சுற்றி, பூக்கட்டும் வாழைநாரால் கட்டியிருந்தாள். கசங்கிய இலைகளுக்கு நடுவே இரண்டு மணிகள் அப்படியே இருந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அது என்னோட தொட்டிதான்."

"தெரியும்மா. தெனமும் வந்ததும் மேல பாப்பேன். செவப்புக் கயிறு தொங்குனா பலகையப் போடுவேன். நீங்க அவுத்துருந்தா, கட்டுத வரைக்கும் டீக்கடையில நிப்பேன். இன்னிக்கு ஒக்காந்த பொறவுதான் பாத்தேன், கயித்தக் காணும். எந்திரிச்சு கூடையத் தூக்கதுக்குள்ள விழுந்துட்டு."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ஒங்க சொசைட்டிக்காரவ தொட்டியவா எடுப்பாவ? என்னயல்லா எந்திரிக்கச் சொல்லுவாவ."

மூன்று மாதம். பயமெல்லாம் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் புதிதாகப் போட்டிருந்த மரப்பெட்டியின் ஓரத்தில், அவள் பக்கத்தில், ஆபீஸ் புடவையோடு உட்கார்ந்தேன். செக்ரெட்டரி வீட்டு மணியை அடித்து, அது என் தொட்டி என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு முன், அந்த இடத்திலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன். என் ஜன்னல் காலியாக இருந்தது. அதற்கு மேல் மூன்று மாடி ஜன்னல்களிலும் தொட்டிகள் இருந்தன. ஒன்றிலும் கயிறு இல்லை.