வாயில் குண்டூசி

அகதி முகாமில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தையல் மெஷினை மிதிக்கிற கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள், மாமியார் சண்டை, மண்ணெண்ணெய் விலை, அடுத்த கொட்டகைக்காரியின் கொழுப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வீடு போக முடியும்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் நிவாரண அமைப்பு, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. மனநல டாக்டர் அந்த வட்டாரத்துக்கே ஒருத்தர். அவரும் எப்போதாவதுதான் வருவார். அதனால் முகாம் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, தூக்கம் வராதவர்கள், திடீர் திடீரென்று அழுகிறவர்கள், எதிலும் பிடிப்பு விட்டுப்போனவர்கள் எல்லாரோடும் உட்கார வைப்பது ஏற்பாடு. "எல்லார்கிட்டயும் பழகுறவங்களா வேணும்" என்றார்களாம். முகாமே ஒரே குரலில் இவளைக் கைகாட்டிவிட்டது. இவளை எங்கேயாவது தள்ளிவிட்டால் காதுக்கு ஓய்வு கிடைக்குமே என்ற நப்பாசையும் அதில் இருந்தது, பொய் சொல்வானேன்!

பயிற்சியில் முதல் பாடமே தலையில் இடியாக இறங்கியது. குறுக்கே பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. "எனக்கும் இப்படித்தான்" என்று சொந்தக் கதையை அவிழ்க்கக் கூடாது.

"அப்புறம் நான் எதுக்கும்மா?" என்று பயிற்சி கொடுத்த டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"கேக்கறதுக்கு," என்றார் அவர்.

இவளும் லேசுப்பட்டவள் இல்லை, வழி கண்டுபிடித்தாள். துணியில் குத்துவதற்காகக் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும்தான் ஆயுசில் அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். ஆகவே யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால், 'வாயில குண்டூசி இருக்குடி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். என்ன மாயமோ, வேலை செய்தது. வந்தவர்கள் சொன்னார்கள், அழுதார்கள், அவள் சொல்லிக்கொடுத்தபடி பாதத்தைத் தரையில் ஊன்றி மூச்சை மெல்ல விட்டார்கள், கொஞ்சம் தூங்கவும் தொடங்கினார்கள். டாக்டரம்மா எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அந்தக் குஷியில் வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போகிறவன். உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நாளிலிருந்தே அவன் வாயில் 'ம்' தவிர வேறு சொல் வருவது அபூர்வம். முன்பெல்லாம் அவள் பொரிந்து தள்ளுவாள், அவன் நாலு 'ம்' போடுவான். அதோடு குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவள் எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"என்னத்தைச் சொல்ல?"

"சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க."

அவன் சோற்றைப் பிசைந்தபடி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நாளில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு பாதியில் நின்றது. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். ஊரையெல்லாம் தேற்றியவளுக்குத் தன் வீட்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயந்துபோய், இன்னும் அமைதியாகக் கேட்டாள். அவன் இன்னும் மோசமானான்.

சொந்தக்காரர்களைத் தாங்களே பார்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சௌகரியமாக மறந்திருந்தாள். முகாமில் அந்தப் பயிற்சி முடித்த இன்னொருத்தி யாரென்றால், குழாயடியில் இவள்மேல் குடத்தை ஓங்கிக்கொண்டு வந்த இஸ்திரிக்காரி. வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றாள்.

"என் வீட்டுக்காரர் எனக்கு இல்லாமப் போயிடுவாரோன்னு பயமா இருக்குடி," என்று அழுதேவிட்டாள்.

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வரச் சொல்லு" என்றாள்.

அவன் போனான். மறு வாரமும் போனான். இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னடி சொன்னாரு?"

"வெளியே சொல்லக் கூடாதே. உனக்குத் தெரியாதா?"

"நான் பொண்டாட்டிடி!"

"பொண்டாட்டின்னா அவரையே கேளு."

புருஷன் மனசு ஜென்ம விரோதியிடம் பத்திரமாக இருந்தது. இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழ? கேட்க இருந்த ஒரே ஆளும் அந்த இஸ்திரிக்காரிதான்.

அன்று சாயங்காலம் அவனே வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் வழக்கம்போல் தலையைச் சாய்த்தாள்.

"அது வேணாம்," என்றான்.

"எதுங்க?"

"அந்த மூஞ்சி." மெஷினில் கிடந்த துணியைத் தடவினான். "நாம ஓடி வந்தோமே, அந்த இருட்டுல முன்னாடி யாரு போறா, பின்னாடி யாரு விழுந்தான்னு ஒண்ணும் தெரியல. நீ மட்டும் முணுமுணுன்னு பேசிக்கிட்டே போனே. எல்லாரும் வாயை மூடுன்னு உன்னைத் திட்டினாங்க. நான் அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். அது நின்னா நீ இல்லேன்னு அர்த்தம்."

அவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இப்ப வீட்டுல அது நின்னு போச்சு. நீ இருக்கேன்னு கண்ணுக்குத் தெரியுது. மனசு நம்ப மாட்டேங்குது."

கல்யாணமான நாளிலிருந்து அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. பயிற்சிப்படி, 'ரொம்பப் பயந்திருக்கீங்க' என்று அவள் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணீர்தான் வந்தது.

"குண்டூசியைத் துப்பிட்டுப் பேசேன்," என்றான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ரகசியத்தை அவள் இஸ்திரிக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. இத்தனை நாள், ஊசி கவ்வும்போது இறுகுவதுபோலவே இறுகியிருந்த அவள் உதட்டைப் பார்த்தே அவன் கண்டுபிடித்திருக்கிறான்.

மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அந்த இஸ்திரிக்காரி இருக்காளே, சட்டைக் காலரைத் தீய வச்சுட்டு, என் தையல் சரியில்லன்னு பழி போடறா. என்ன திமிரு பாருங்க! கேக்கறீங்களா?"

"ம்," என்றான் அவன்.