படலையில் மறித்த சூப்பு

மானிப்பாயில் எங்கள் வளவின் பின்பக்கத்துச் சிறு வீட்டில் ஒரு சீனர் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். எழுபதுகளின் தொடக்கம். சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு பண்டத்தரிப்பு வரை போய் விற்பார். மனைவி வியட்நாமில் பிறந்த சீனப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில், யாழ்ப்பாணப் பட்டினத்தில் பல்லுக் கட்டும் இரண்டு மூன்று சீனக் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கும். அவள் விடியவே மாட்டெலும்பை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அவளுடைய ஊர் அரிசி நூடில்ஸ் இங்கே ஏது? இடியப்பத்தைக் கோப்பையில் போட்டு, அதன்மேல் சூப்பை ஊற்றுவாள்.

"பல்லுக் கட்டுறவை ஊர்ச் சனத்துக்கும் எலும்பைக் கடிக்கக் குடுத்தால்தானே யாவாரம் நடக்கும்" என்பார் பக்கத்து வளவு அண்ணை. அவருடைய பகிடிகள் ஒன்றும் எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் சைவம். மணம் வந்தால் என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள், அவ்வளவுதான். ஆனால் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வளவுக்குள் மச்சம் மாமிசம் கூடாது என்று வீடு கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார்.

அந்த வருடம் கொடியேறியபோது சீனரின் மனைவி படுக்கையில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். கஞ்சியும் இறங்கவில்லை. அந்தச் சூப்பை மட்டும் கேட்டாளாம்.

"ஒரு கோப்பை, ஐயா" என்று அவர் வந்து நின்றார்.

"கொடி இறங்கட்டும். பிறகு ஒரு அண்டா காய்ச்சுங்கோ."

ஞாயிறு வந்தது. பட்டினத்துக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். தூக்குச்சட்டியைத் துணியால் சுற்றி ஏந்தி வந்த பெண்ணை நான் வாசல் படலையில் மறித்தேன்.

"தண்ணி மாதிரித்தான், ஐயா. எலும்பு இல்லை."

"நான் விரதகாரன், தங்கச்சி. இன்னும் ஒன்பது நாள்தானே."

மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அவள் சட்டியோடு வெயிலில் நின்றாள்.

தேருக்கு முதல் நாள் சீனரின் மனைவி செத்துப்போனாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று என் மனைவி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கிக் கொடுத்தாள். அவர் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அவருக்குக் கோபமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கொடி இறங்கிய மறுநாள் காலை பின்வீட்டுக்குப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு.

"இனி நீங்கள் காய்ச்சலாம்" என்றேன்.

துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விடாமல் நிமிர்ந்தார்.

"ஓம், ஐயா."

நான் அங்கேயே நின்றேன். அவர் இறுக்கின முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.