தறி ஓடட்டும் என்றார் அக்கா

அக்காவைப் பற்றிப் பொய் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எனவே அவர் சாந்த சொரூபி, எல்லாரிடமும் சிரித்துப் பேசியவர் என்றெல்லாம் தம்பியாகிய நான் எழுதப் போவதில்லை. என் கல்யாணப் பந்தியில், "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்குது" என்று சம்பந்தியிடமே சொன்னவர் அவர்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவுக் குடும்பத்தின் தலைப்பிள்ளை அக்கா. நான்காவது படிக்கும்போதே எட்டாம் வகுப்புக் கணக்கைப் போடுவார். ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார்; கூட்டம் என்றால் காதைப் பொத்திக்கொள்வார். திமிர் பிடித்த பெண் என்று தெருவே சொன்னது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு, பிள்ளை அமைதியாகப் படிக்கட்டும் என்று அப்பா தறியை நிறுத்தினார். அமாவாசைக்கு மட்டுமே ஓய்கிற தறி அது. அக்கா கணக்கிலேயே பெயில். அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"தறிய ஓட்டுப்பா. அந்தச் சத்தம் நின்னா மத்த சத்தமெல்லாம் தலைக்குள்ள வந்துடுது" என்றார் அக்கா.

மறுநாளே தறி ஓடியது. முழுப் பரீட்சையில் கால் விரலால் தறியின் தாளத்தைப் போட்டுக்கொண்டே எழுதி, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினார்.

கணித ஆராய்ச்சிக்குப் போன பிறகுதான் ஒரு மருத்துவர் விளக்கினார்: "உங்களுக்கு ஆட்டிசம் இருக்குதும்மா. உங்க அறிவு அதை மறைச்சிடுச்சு, அது உங்க அறிவை மறைச்சிடுச்சு." அக்கா என்னிடம், "அப்போ திமிர் இல்ல. தெருவுல போய்ச் சொல்லிட்டு வா" என்றார். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஆன்லைனில் நடந்தது. கல்லூரியில் நடந்த ஒத்திகையில் அக்கா வாயே திறக்கவில்லை. இதிலும் பேசாவிட்டால் பட்டம் இல்லை. லேப்டாப்பைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்; அப்பா நெய்துகொண்டிருந்தார்.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தலாமாம்மா?" என்று தேர்வாளர் கேட்டதும் அப்பாவின் கை நின்றது.

"எனக்கு ஆட்டிசம் சார். தறி ஓடட்டும். அது நின்னா நானும் நின்னுடுவேன்."

"அப்படின்னா ஓடட்டும்மா" என்றார் அந்தப் பெரியவர். அதன் பிறகு அக்காவை யாராலும் நிறுத்த முடியவில்லை. தேர்வாளரின் கேள்வியில் இருந்த தவறு உட்பட எல்லாவற்றையும் சொல்லித்தான் ஓய்ந்தார். அன்று எங்கள் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தோம்.

பேராசிரியராக அக்கா வாழ்ந்த ஆண்டுகள் ராஜ வாழ்க்கை. நோய் வந்தபோதும், "எவ்ளோ நாளு? நேரா சொல்லுங்க" என்றுதான் மருத்துவரிடம் கேட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் மாணவர்களுக்கும் நன்றி.

காரியத்தன்று அக்காவின் மாணவி ஒருத்தி காதுகளைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டு அம்மா பந்தலின் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, "இங்க சத்தம் வராது, உக்காரும்மா" என்றார். அந்தத் தெருவுக்கும் எங்கள் நன்றி.