அக்கா தட்டாத எழுத்து

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஃபைலின் பெயர்தான் மிஞ்சியிருந்தது: ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஆங்கில 'ஆர்'. செம்பூரில், கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா மாட்டுங்காக்காரர். எங்களில் அனுபவம் மிக்கவர். கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தாராவிக் குடும்பம் ஒன்றின் கல்யாணம் அது. முடிந்த சில நாட்களில் பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேமரா கார்டுகளை அதற்குள் அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தோம். இன்னொரு பிரதி எடுக்கும் முன், ஃபோல்டர்களுக்கு வெளியே சிதறிக் கிடந்த வேண்டாத ஃபைல்களை நீக்க, அக்கா அழிக்கும் கட்டளையைத் தட்டிப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டார். இங்கே உள்ள எல்லாம் என்று அதற்குப் பொருள். ஆனாலும் உள்ளிருக்கும் ஃபோல்டர்களை அந்தக் கட்டளை தொடாது. கூடவே ஒரு கோடும் 'ஆர்'ரும் சேர்த்தால்தான் தொடும். வீடியோக்கள் ஃபோல்டர்களுக்குள் இருந்தன. அவையும் போய்விட்டன.

"நான் ஆர் போடவே இல்லப்பா. நீயே பாரு."

பார்த்தேன். போடவில்லை.

பிறகுதான் எனக்கு விளங்கியது. நட்சத்திரத்தை அந்தக் கட்டளை பார்ப்பதே இல்லை. நாம் தட்டுவதை நடுவில் வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரல், அங்குள்ள பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி அதன் கையில் கொடுத்துவிடுகிறது. யாரோ எப்போதோ கைதவறி உண்டாக்கிய அந்தக் கோடு போட்ட ஃபைலின் பெயரும் சேர்ந்து போயிருக்கிறது. கோட்டில் தொடங்குவதால் கட்டளைக்கு அது பெயரல்ல, 'ஆர்' போட்ட உத்தரவு. அதனால்தான் அது மட்டும் அழியாமல் நின்றது.

வாஷியில் அழிந்ததை மீட்கும் கடையில் டிஸ்க்கைக் கொடுத்ததில் வீடியோவின் சில துண்டுகள் கிடைத்தன. முதலாளி தடுத்தும் அக்கா தானே தாராவிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் கூட நின்றேன்.

அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான். "கெடச்சதுல எங்க அப்பா இருக்காகளா?"

ஒரு துண்டில் இருந்தார். பந்தியில் பரிமாறியபடி கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "என்னய எதுக்குய்யா எடுக்கிய? புள்ளய எடுங்க." உடனே கேமரா திரும்பிவிட்டது.

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். கேமரா திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும், விலகும் அவரைப் பிடித்துவிடப் போவதுபோல் முன்னால் சாய்ந்தாள்.

இப்போது முலுண்டில் வேலை செய்கிறேன். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடாமல் என் விரல் நகராது. அப்படிப் போட்டால் எந்தப் பெயரும் கோட்டில் தொடங்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை வெறும் பழக்கம் என்று நினைக்கிறார்கள்.