குழலுக்குள் சிக்கிய கயிறும் மூன்றாவது கண்ணியும்

துப்பாக்கி சுடுகிறவனுக்குப் பேர் கிடைக்கும். அதன் குழலைத் துடைக்கிறவனுக்குக் கறுத்த விரல்தான் கிடைக்கும். இதைப் படிக்கிறவர்களில் அப்படி விரல் கறுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நாம் ஒரே கட்சி.

ஆட்டுக்குட்டிக் கயிறு

அறுபதுகளில் தாராவியில் காதர் பாயின் பட்டறையில் நான் புல்த்ரூ செய்துகொண்டிருந்தேன். பாய்க்குச் சொந்த ஊர் மேலப்பாளையம், எனக்கு ஆற்றின் எதிர்க்கரை. புல்த்ரூ என்பது பெரிய மர்மம் இல்லை. இறுக்கிப் பின்னிய பருத்திக் கயிறு. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனைப் பக்கம் துணி சொருகும் கண்ணி. ரைபிளின் பின்பக்கமாகக் குண்டைப் போட்டால் வாய்ப்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். பிடித்து ஒரே இழுப்பு, கரி அத்தனையும் வெளியே! நான் பின்னிய கயிறு போய்வந்த குழலுக்குள் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்ட காவலாளிகள் உண்டு. நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

எங்கள் கயிறுகளில் பெரும்பாலானவை செம்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போயின. அங்கே புதிதாகக் காவல் தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர்க்காரர். இரும்புக் கம்பியால் குழலைக் குத்தித் துடைப்பதே ஆண்மை என்று நினைக்கிறவர். கம்பியா கயிறா என்று மழைக்காலம் முடிவதற்குள் சொல்வதாக இருந்தார். கம்பி என்று சொல்லிவிட்டால் பட்டறையில் எனக்கு வேலை இல்லை. பாய் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்த நிலைமையில் என் கயிற்றை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு சுபேதார் கேட்டார்: "இன்னாய்யா இது, ஆட்டுக்குட்டி கட்டறதுக்கா?"

கம்பி ரயில் ஏறியது

கம்பியின் பெருமையைச் சொல்ல நான் தயங்கமாட்டேன். பிடிவாதமான கறையை அது மாதிரி கயிறு தேய்க்காது. ஆனால் கம்பி வளையும், வளைந்தால் குழலின் உள்சுவரை உரசும். அதைவிட, அதை வைத்துக்கொண்டு ஓரிடம் போக முடியாது. வளைந்த கம்பி ஒன்றை நிமிர்த்தி வரும்படி சுபேதார் தன் காவலாளி பவாரை எங்களிடம் அனுப்பினார். ஆள் குர்லாவில் வண்டி மாறியிருக்கிறார். நெரிசலில் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கியவர் ஒரு கைப்பிடியை மாட்டினார், ஒரு குடையை மாட்டினார், கடைசியில் மீன்காரம்மாவின் கூடைக்குள் விட்டு எடுத்தார். பட்டறைக்குள் நுழையும்போது கம்பி நுனியில் ஒரு வாவல் மீன் இருந்தது. வாலை ஆட்டியது என்றுகூடச் சொல்வேன், பாய் மறுப்பார்.

பவார் பம்பாய்த் தமிழ் பேசுவார், பாதி இந்தி. என் புல்த்ரூ ஒன்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். பிறகு சொன்னார்: "சாச்சா, உன் கயிறு பாக்கெட்ல போவுது. சாப் கம்பி நம்மள போலீஸ் சௌக்கிக்கு இட்டுப் போவுது!"

பின்வாசல் இல்லாத துப்பாக்கி

கயிற்றுக்கும் குறை உண்டு. மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் இற்றுப்போகும். கோணலாக இழுத்தால் குழலின் வாயை அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கிக்குப் பின்வாசல் இருந்தால்தான் கயிற்றுக்குப் பிழைப்பு. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த ஒரு மனிதர், மாமனார் வழியில் வந்த நீளமான பழைய துப்பாக்கிக்கு என்னிடம் புல்த்ரூ வாங்கிப் போனார். அது வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கிற ரகம், பின்பக்கம் அடைப்பு. அவர் வாய்ப்பக்கமாகக் குண்டை விட்டார், கயிற்றையும் விட்டார், மறுபக்கம் வரும் என்று காத்திருந்தார்.

டாக்சியில் துப்பாக்கியோடு வந்து இறங்கினார். கம்பியின் நுனியில் திருகு மாட்டித்தான் எடுத்தேன். ஆமாம், கம்பியால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் முகம் தொங்கிப்போய்ச் சொன்னது: "மாமனார் போட்ட குண்டெல்லாம் வெளில போச்சு ஓய். நீர் குடுத்த குண்டு மட்டும் உள்ளயே குடித்தனம் பண்ணறதே!"

வேலையில்லாத கண்ணி

என் கயிற்றில் துணிக் கண்ணிக்கும் பின்னால், வால் நுனியில், இன்னொரு கண்ணி போடுவேன். மொத்தம் மூன்று. முதலாவது கறை சுரண்டும் கம்பிவலை மாட்ட, இரண்டாவது துணி சொருக. மூன்றாவது சும்மா தொங்கும். யாரும் அதைத் தொட்டதில்லை. அதற்குப் போகும் கயிற்றைப் பார்த்தாலே பாய்க்கு வயிறு எரியும். "முதலாளி, பின்னால உதவும்" என்பேன். பாய் சொல்வார்: "பின்னால உதவும்ங்கியே, எதுக்கு வாப்பா? நாம ரெண்டு பேரும் தொங்குறதுக்கா?"

ஒன்பது கஜத்தில் ஒரு முழம்

தொழிற்சாலையில் மானேஜர் துப்பாக்கிகளைப் பார்வையிடும் நாள் வந்தது. தன் ரைபிள்தான் பளபளக்கவேண்டும் என்று பவாருக்கு ஆசை. கொடுத்த ஃபிளானல் துணி போதாதென்று, மனைவியின் ஒன்பது கஜச் சேலையில் ஒரு முழம் கிழித்து, மடித்துக் கண்ணியில் சொருகியிருக்கிறார். பாதிக் குழலில் துணி நின்றது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு துணிக்கு முன்னால் அறுந்தது.

எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் சுபேதார் வாய்ப்பக்கம் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். குத்தக் குத்த, அறுந்த கயிறு துணிமேல் சுருண்டு இறுகியது. வேர்த்து விறுவிறுத்து ரைபிளை என் கையில் திணித்தார். "உன் கயிறு, நீயே எடு. மானேஜர் வர்றதுக்குள்ள வரலைன்னா, நாளையிலிருந்து கம்பிதான்." பவார் என் காதோரம் வந்து, "சாச்சா, பார்டர் மட்டும் கிழியக் கூடாது. அவளுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொக்கி வளைத்த கம்பித் துண்டைப் பின்பக்கமாக நுழைத்தேன். அங்கே, இருட்டில், இத்தனை வருஷம் சும்மா தொங்கிய என் மூன்றாவது கண்ணி காத்திருந்தது. கொக்கி மாட்டியது. முன்னால் போக மறுத்த துணியை, வந்த வழியே பின்னால் இழுத்தேன். பாட்டில் மூடி திறந்தது போல ஒரு சத்தம். டிராம்பே வரைக்கும் கேட்டதாகப் பிறகு சிலர் சொன்னார்கள். பச்சை பார்டர் நூல் பிரியாமல் வெளியே வந்தது. மானேஜர் குழலுக்குள் பார்த்து, "கண் கூசுகிறதே" என்றார்.

அவர் போனபின் சுபேதார் அந்தக் கண்ணியை விரலில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் சுற்றினார். பிறகு மீசையைத் தடவியபடி சொன்னார்: "சரிய்யா, எல்லாருக்கும் கயிறே குடு. ஆனா ஒண்ணு, கண்ணி மூணும் இருக்கணும். இந்தப் பவாருக்கு மட்டும் நாலாப் போடு!"

கம்பிக்கு முதுகெலும்பு உண்டு, கயிற்றுக்குக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வழியே மானத்தோடு திரும்பி வரத் தெரிந்தது எது என்று பவாரின் வீட்டம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.