கர்னல் சாப் சாப்பிடாமல் போன வீடு

கர்னல் சாப் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முதுகுதான். கம்பெனி கேண்டீனில் மதியச் சாப்பாட்டு வரிசை முடிகிற இடத்தில், கையில் எவர்சில்வர் தட்டோடு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நிற்கும் முதுகு. அவருக்கு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த நீல யூனிபாரத்தில் ஆட்கள் நிற்பார்கள். யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால், கண்ணாலேயே முன்னே போகச் சொல்லுவார். புனேக்குப் பக்கத்தில் கசார்வாடியில் பழைய ஹைவேயை ஒட்டி இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு அவர்தான் ஜெனரல் மேனேஜர். நான் அவருடைய கார் டிரைவர். கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அவர் தட்டை நீட்டுவார். சில நாட்களில் காய்கறி பாஜி தீர்ந்துபோயிருக்கும். சோற்றின்மேல் பருப்பை ஊற்றிக்கொண்டு, பச்சை மிளகாயைக் கடித்தபடி சாப்பிட்டு முடிப்பார். "பட்டாளத்துல ஜவான் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் ஆபீசர் சாப்பிடணும் தம்பி. நம்ம பசங்க வயிறு காலியா இருக்கும்போது நமக்கு எப்படிச் சோறு இறங்கும்?" என்று ஒருமுறை சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

அவர் மராட்டிக்காரர். புனே நகருக்குள் பழைய பேட்டை ஒன்றில், வாசலில் துளசி மாடம் வைத்த பெரிய குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் ராணுவத்தில் சர்வீஸ் முழுவதும் தமிழ் ஜவான்களோடு இருந்ததால் தமிழ் அவர் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் மதுரை இருக்கும், அடுத்ததில் வேலூர் இருக்கும், நடுவில் இந்தி வந்து போகும். கெட்ட வார்த்தைகளை மட்டும் பிசிறில்லாமல் சொல்லுவார். வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்று அவர் கேட்டபோது எனக்கு ஸ்டீயரிங் கையை விட்டு வழுக்கிவிட்டது. தேஹு ரோடு என்றேன். "அது வீடு. ஊரைக் கேட்டேன்" என்றார். நான் பார்த்தே இராத ஊரின் பெயரைச் சொன்னேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால்தானோ என்னவோ, எதற்கெடுத்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு உதறல். சிக்னலில் பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். கர்னல் சாப் இதைக் கவனித்திருந்தார். நான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றால், "டிக்கி பூட்டியாச்சு தம்பி, நான் பார்த்தேன்" என்பார். கிண்டலாகச் சொல்லமாட்டார். பாரா நிற்பவன் அடுத்த ஆளுக்குச் செய்தி சொல்வதுபோலச் சொல்லுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம் என்று தோன்றும்.

எங்கள் தொழிலாளிகள் பாதிப் பேருக்கு தேஹு ரோடு பக்கம்தான் வீடு. குழாயில் தண்ணீர் வராது, டாங்கர் வந்தால்தான் உண்டு. விடியலில் டாங்கருக்கு நின்றுவிட்டு ஷிப்டுக்குத் தாமதமாக வருகிறவர்களை முதலில் கர்னல் சாப் திட்டினார். காரணம் தெரிந்ததும் அவரே அலுவலகம் அலுவலகமாக ஏற ஆரம்பித்தார். நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். எங்கே போனாலும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு நாள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "வெளியே பெஞ்சுல உட்கார்ந்தது போதும் தம்பி. சட்டசபைக்குள்ள போய் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த மாதமே வேலையை ராஜினாமா செய்துவிட்டார். சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் இஸ்திரிப் பெட்டி. "சாப் சட்டையைப் பார்த்துட்டுத்தான் குடுத்திருக்காங்க" என்று தொழிற்சாலைப் பையன்கள் சிரித்தார்கள்.

நான் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு அவருடைய சொந்தக் காரை ஓட்டினேன். பிரசாரத்தையும் அவர் பட்டாள வேலையாகவே செய்தார். ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஐந்து மணிக்கே பேச ஆரம்பித்துவிடுவார். எதிரே நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும் ஆட்களும் படுத்திருக்கும் நாயும்தான் இருக்கும். ஜனங்கள் மெதுவாக வந்து சேரும்போது அவர் ஜெய்ஹிந்த் சொல்லி மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருப்பார். "கொஞ்சம் பொறுத்து ஆரம்பிக்கலாமே சாப்" என்று நான் கெஞ்சினால், "சொன்ன டைம்னா சொன்ன டைம்" என்பார். வேலையையும் விட்டுவிட்டு இந்த மனுஷன் தோற்றுப்போனால் என்ன ஆவார்?

அதனால்தான் எங்கள் லைனுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். தேஹு ரோட்டில் ராணுவ டிப்போ வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் தெரு அது. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் லைன் முழுக்க அந்தப் பக்கம் சாயும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு செய்தேன். அக்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை வாங்கி வந்தாள். மட்டன் குழம்பு, கோழி வறுவல், ரசம், அப்பளம். வாசலில் ஷாமியானா. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கரண்டியும் கையுமாக நின்றார்கள். முன் அறையில், பாயின் நடுவில், கர்னல் சாப்புக்கு ஒரு இலை போட்டாயிற்று.

அவர் வந்தார். எல்லோருக்கும் கைகூப்பினார். இலையைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பிரசாரப் பையன்களைக் காட்டி, "முதல்ல பசங்களுக்குப் போடுங்க அக்கா" என்றார்.

"அவங்க இங்கத்திய பசங்கதானே சாப், அப்புறம் சாப்பிடுவாங்க. நீங்க உக்காருங்க."

"இல்ல இல்ல. முதல்ல பசங்க. நான் கடைசி."

பையன்கள் உட்காரப் போனார்கள். டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிடையரான எதிர்வீட்டு மாமா கத்தினார்: "டேய், எழுந்திருங்கடா! விருந்தாளி நிக்கிறாரு, உங்களுக்கு இன்னாடா அவசரம்? வெக்கமா இல்ல?" உட்கார்ந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கர்னல் சாப், "உட்காருங்க தம்பி" என்றார். மாமா முறைத்தார். பையன்கள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்தார்கள். விருந்தாளிக்கு முன்னால் சோற்றில் கை வைப்பது எங்கள் லைனில் நடக்காத காரியம். ஆட்களுக்கு முன்னால் சோற்றில் கை வைப்பது அவருக்கு நடக்காத காரியம். நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் சிரித்துவைத்தேன். சோற்றில் ஆவி அடங்கிவிட்டது. கர்னல் சாப் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கம் அடுத்த கூட்டம் இருந்தது. "டைம் ஆச்சு அக்கா, மன்னிக்கணும். பசங்க சாப்பிட்டுட்டு வரட்டும்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வேளை பட்டினி அவருக்குப் பெரிய விஷயமில்லை. பட்டாளத்தில் அது தினப்படி நடப்பதுதான். வேறு வழி தெரியாமல் நான் வண்டியைக் கிளப்பினேன். கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்றும் பரிமாறாத அந்த இலையை அக்கா குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாலைக்குள் லைன் முழுவதும் ஒரே பேச்சு. கர்னல் நம்ம வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெரிய சாதிக்காரன் நம்ம வீட்டில் எப்படிச் சாப்பிடுவான்? எதிர்க்கட்சிப் பையன்கள் அதைப் பக்கத்துத் தெருக்களுக்கும் கொண்டுபோனார்கள். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஊரில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள், அந்த டம்ளர் வேண்டாம் என்றுதான் தாத்தா காலத்தில் ரயில் ஏறி இவ்வளவு தூரம் வந்தோம்.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"அவரு எப்பவும் கடைசியாத்தான்கா சாப்பிடுவாரு. கேண்டீன்லகூட அப்படித்தான்."

"இன்னாடா கடைசி? கடைசியா சாப்பிடறவரு கடைசி வரைக்கும் இருக்கணும் இல்ல?"

அதோடு விடாமல் அவள் கேட்டாள்: "கேண்டீன் கம்பெனிது. உன் சாபு நம்ம ஆளுங்க வீட்டுல சாப்பிட்டு நீ எப்பவாச்சும் பார்த்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. அந்த ஞாயிறுக்கு முன்னால் இத்தனை வருஷத்தில் எங்கள் லைன் வாசல்வரைக்கும்கூட அவர் வந்ததில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் இது தெரிந்த முகமா தெரியாத முகமா என்று குழம்பிப்போவேன்.

மறுநாளே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னேன். அவர், "அக்காவும் அப்படித்தான் நினைக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னிக்கே போயிடலாம் சாப். ஒரு வாய் சாப்பிட்டா போதும். நம்ம பையன் ஒருத்தன் போட்டோ எடுத்துப் போன்ல எல்லாருக்கும் அனுப்பிடுவான். மத்தவங்க எல்லாம் அதைத்தான் செய்றாங்க."

"அதனாலதான் நான் போகக் கூடாது. இப்ப போய்ச் சாப்பிட்டா ஓட்டுக்காகச் சாப்பிட்டது ஆயிடும். அக்கா சோத்துக்கு அந்தப் பேர் வேணாம் தம்பி."

"லைன் ஓட்டு மொத்தமும் போயிடும் சாப்."

"போகட்டும். சலோ, வண்டியை எடு."

நல்ல பேச்சுதான். ஆனால் போக இஷ்டமில்லாதவனும் இதே பேச்சைப் பேசலாமே என்று என் மனசு அரித்தது. அவர் தோற்பாரோ என்ற பயம் எனக்கு அன்றோடு போய்விட்டது. அக்கா சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தோற்றார். எங்கள் லைன் வாக்குச்சாவடியில் இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஓட்டைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. எண்ணிக்கை முடிந்த அன்று ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் பழையபடி கம்பெனிக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு காலை போன் வந்தது. "தம்பி, இன்னிக்கு அக்கா வீட்டுல என்ன சமையல்?"

அக்காவிடம் ஓடினேன். "ஒண்ணும் இல்லையேடா, சாம்பாரும் கத்திரிக்காயும்தான்" என்றாள். ஓடிப்போய்க் கோழி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். இருக்கிறதைச் சாப்பிடறாரா பார்க்கலாம்" என்றாள்.

லோக்கல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்து இறங்கினார் கர்னல் சாப். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் சட்டையில் மடிப்புக் கலைந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். அக்கா இலை வாங்கவில்லை. நாங்கள் தினமும் சாப்பிடும் தட்டைத்தான் வைத்தாள்.

"இன்னிக்குப் பசங்க யாரும் இல்ல சாப். யாருக்காகக் காத்திருப்பீங்க?"

"யாருக்கும் இல்ல அக்கா. அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. உங்க வீட்டுல வந்து நான் ஆர்டர் போட்டேன்."

அக்கா சோற்றைப் போட்டாள். அவர் பிசைந்து வாயில் வைத்தார். நான் கதவோரம் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இரண்டாவது வாய் எடுத்தார். நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடல சாப்" என்றாள் அக்கா.

"தெரியும் அக்கா. கத்திரிக்காய் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குள் வாசலில் எதிர்வீட்டு மாமா வந்து நின்றார். "இன்னா சாப், எலெக்ஷன் முடிஞ்ச பிறகு வந்திருக்கீங்க?"

"முடியட்டும்னுதான் இருந்தேன்."

மாமா அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். சண்டை கட்டப் போகிறாரோ என்று வாசலுக்கு வந்தால், மாமா ஒரு தட்டில் வறுத்த மீனை ஏந்திக்கொண்டு தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். "அங்க சாப்பிட்டா இங்கயும் சாப்பிடணும்" என்று உத்தரவு மாதிரி சொன்னார். அப்புறம் அடுத்த வீட்டிலிருந்து பாயசம். அதற்கடுத்த வீட்டில் பிரியாணி மிச்சம். கை கழுவ எழுந்தவரை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி உட்காரவைத்தார்கள். வேண்டாம் என்று ஒரு வீட்டிலும் அவரால் சொல்ல முடியவில்லை. அவர் சாப்பிடுவதை லைனே நின்று வேடிக்கை பார்த்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, "எலெக்ஷனே தேவலை தம்பி" என்று முனகினார்.

கர்னல் சாப் இப்போது விமான நிலையத்தை ஒட்டிய லோஹேகாவில் மகள் வீட்டில் இருக்கிறார். காதுக்கு மிஷின், கைக்கு ஒரு தடி. விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். நான் டிரைவர் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். எங்கள் லைனில் குழாய் வந்துவிட்டது, தண்ணீர் பாதி நாள் வருகிறது. போன தேர்தலில் ஒரு வேட்பாளர் வந்தார். சின்ன வயசு, பின்னாலேயே ஒரு போட்டோக்காரர். நேராக அக்கா வீட்டுக்குள் வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தாயி, ஜேவண் த்யா. பசிக்குது அக்கா, சோறு போடுங்க" என்று பாதி மராட்டியிலும் பாதி தமிழிலும் சொன்னார். போட்டோக்காரர் கேமராவை உயர்த்தினார். எனக்கு வழக்கம்போலப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா ஏதாவது சொல்லிவிட்டு, இந்த ஆள் ஜெயித்துவிட்டால் நம்மை என்ன செய்வாரோ.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாள்.

"குடிங்க தம்பி" என்றாள். "ஓட்டு எண்ணி முடிச்ச பிறகு வாங்க. ஜெயிச்சாலும் வாங்க, தோத்தாலும் வாங்க. உக்காரவச்சுச் சோறு போடறேன்."